அரைத் தாளம் முன்னால்

பியாட்ரிஸ் ரயிலில் உட்கார்ந்து வருகிறவள் அல்ல. மாரிகுப்பத்தில் வண்டி காலியாக நிற்கும்போதே ஏறுவாள், ஜன்னலோரம் உட்காருவாள், பங்காரப்பேட்டை வருவதற்குள் எழுந்து அந்த இடத்தை யாருக்காவது கொடுத்துவிட்டுக் கதவுப் பக்கம் போய்விடுவாள். "இன்னாக்கா, சீட்டுல முள்ளு கீதா?" என்று லேடீஸ் பெட்டியில் கேட்பார்கள். இருபது வருஷத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

தங்கச் சுரங்கத்தை மூடியபோது அவளுக்கு இருபத்தொரு வயது. அப்பாவுக்கு வேலை போன அடுத்த வருஷம் ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு கார்மென்ட்ஸில் சேர்ந்தாள். தைத்து வரும் சட்டைகளைப் புரட்டிப் பார்த்துக் கோணல் தையல் இருந்தால் திருப்பி அனுப்புகிற செக்கிங் வேலை. கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்தது, இரண்டு முறையும் அவளே வேண்டாமென்று சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் கொயரை நடத்துவாள். அங்கேயும் சட்டைகளைப் பார்க்கும் அதே கண்ணும் காதும்தான். பாட்டில் எவராவது ஒரு இம்மி பிசகினால் கீபோர்டு ஸ்டூலின் மரத்தை விரல் முட்டியால் டக் டக் டக்கென்று தட்டி நிறுத்திவிடுவாள்.

போன வருஷம் ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, வண்டி மாலூர் தாண்டியதும், முதுகுக்குப் பின்னால் யாரோ அவளை அதட்டினார்கள்.

"இல்ல இல்ல, மறுபடி."

சட்டென்று திரும்பினாள். பெட்டியில் எல்லாரும் அரைத்தூக்கத்தில் இருந்தார்கள். மாலில் பவுடர், லிப்ஸ்டிக் கடையில் நிற்கிற மமதா மட்டும் செல்போனைப் பிடித்துக்கொண்டு தோளை ஆட்டிக்கொண்டிருந்தாள். மறுபடியும் அதே குரல் வந்தது. அதே அதட்டல், 'ல்ல'வில் அதே அழுத்தம். அது பியாட்ரிஸின் சொந்தக் குரல்.

"மமதா, இன்னா அது?"

"ஆன்ட்டி, கேக்கலையா இன்னும்? பெங்களூரே இதத்தான் கேக்குது. நம்ம கேஜிஎஃப் பையன் பண்ணது. 'மறுபடி'ன்னு பேரு."

செல்போனைக் காதில் வைத்துக் கேட்டாள். ஒரு இளைஞன் தமிழும் கன்னடமும் கலந்து வேகமாகச் சொல்லிக்கொண்டே போனான். காலையில் எழுந்தேன், சீட்டு பிடித்தேன், வேலை கிடைத்தது, ஓனர் சிரித்தான் என்று ஒவ்வொன்றாக அடுக்கினான். ஒவ்வொன்றுக்கும் கடைசியில் அடிவயிற்றிலிருந்து 'வொம்' என்று ஒரு உறுமல் வந்தது, அதை வெட்டிக்கொண்டு அவள் குரல் விழுந்தது. இல்ல இல்ல, மறுபடி. பாடுகிறவன் யாரென்று இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிட்டது. கிறிஸ்டோ. நாலு வருஷத்துக்கு முன்னால், பிராக்டிசுக்கு நேரத்துக்கு வருவதில்லை என்று அவளே கொயரிலிருந்து அனுப்பிய பையன்.

அன்றிலிருந்து அந்தக் குரல் அவளை எங்கேயும் விடவில்லை. ஃபேக்டரியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாரோ போட்டார்கள். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் செல்போன் கடைக்காரன் வாசலில் பெட்டி வைத்து அலறவிட்டான். ஆட்டோ ஸ்டாண்டில் சில்லறை தரத் தயங்கிய பயணியிடம் டிரைவர் "இல்ல இல்ல, மறுபடி" என்றார், கூட நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருவருக்கும் அது அவள் குரலென்று தெரியவில்லை. அது ஒரு வகையில் நிம்மதி, இன்னொரு வகையில் ஆத்திரம். ஊரே ஒரு வாரமாக அவள் வாயைக் கடன் வாங்கிப் பேசிக்கொண்டிருந்தது. அவள் வாயைத் திறக்கவே கூசினாள். செக்கிங் மேஜையில் ஒரு சட்டையைத் திருப்பி அனுப்பும்போது "இல்ல..." என்று ஆரம்பித்துவிட்டு அடுத்த சொல்லை விழுங்கினாள். கால் இன்னும் அதிகமாக அலைந்தது. வீட்டில் அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பாஸ்டர் கைகுலுக்கும்போது, "சிஸ்டர், இப்ப உலகமே உங்க கொயராயிடுச்சு போலிருக்கே" என்று கண்ணடித்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரிந்தால் சாயங்காலத்துக்குள் எல்லாருக்கும் தெரியும். பியாட்ரிஸ் வீட்டுக்குப் போகவில்லை. பைபிளைக் கையில் பிடித்தபடியே நேராகக் கிறிஸ்டோ வீடு இருக்கும் சாம்பியன் ரீஃப்ஸுக்கு நடந்தாள்.

கிறிஸ்டோ கதவைத் திறந்ததும் ஒரு அடி பின்னால் போனான். இருபத்தெட்டு வயது, மெலிந்த உடம்பு, கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருப்பு.

"வருவீங்கன்னு தெரியும் ஆன்ட்டி. எதிர்பாத்துகினே இருந்தேன்."

"அப்ப நீயே வந்திருக்கலாமில்ல?"

"பயந்துகினு இருந்தேன்."

"என் குரல எங்கேர்ந்து எடுத்த?"

"நீங்கதான ரெக்கார்டு பண்ணச் சொன்னீங்க? எல்லாரும் போன்ல புடிச்சு வீட்ல கேட்டுப் பழகுங்கன்னு. ரெண்டாயிரத்துப் பத்தொம்போது கிறிஸ்துமஸ் பிராக்டிஸ்."

சொன்னது உண்மைதான். உள்ளே போனாள். சின்ன அறை. கட்டில், ஒரு ஓரம் உடைந்த லேப்டாப், காதில் மாட்டுகிற பெரிய ஹெட்போன், ஜன்னலில் சத்தம் போகாமலிருக்க அடித்த பழைய கம்பளி. அவ்வளவுதான். இதிலிருந்துதான் அந்தப் பாட்டு போயிருக்கிறது.

அவன் சொல்லத் தொடங்கினான். கே.ஆர். புரத்தில் ஒரு வேர்ஹவுஸில் பார்சல் ஸ்கேன் பண்ணுகிற வேலை. மூன்றாவது முறையாக அவனை நிறுத்தினார்கள். அன்று சாயங்கால வண்டியில் நின்றுகொண்டு வரும்போது, போனில் இடமில்லையென்று பழைய ஃபைல்களை அழித்துக்கொண்டு வந்தானாம். அந்தப் பிராக்டிஸ் ஃபைலை அழிக்கும் முன்னால் சும்மா ஒரு தரம் அழுத்திப் பார்த்தான்.

"மொத சத்தமே நீங்க. இல்ல இல்ல, மறுபடி. எனக்கே சொன்ன மாதிரி இருந்துச்சு ஆன்ட்டி. வேலைக்குச் சேரு, வெளிய வா, மறுபடி சேரு. பங்காரப்பேட்டை வர்றதுக்குள்ள பாதிப் பாட்ட எழுதிட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல."

"கேட்டா வேணாம்னு சொல்லுவீங்க."

"ஆமா. சொல்லுவேன்."

பிறகு அவன் லேப்டாப்பைத் திறந்தான். திரையில் வண்ண வண்ணமாக நாடா நாடாவாகக் கோடுகள். "எப்படிப் பண்ணேன்னு காட்டறேன். அப்புறம் நீங்க சொல்றதச் செய்யறேன். எடுக்கச் சொன்னா எடுத்துடறேன்" என்றான். அவள் நின்றுகொண்டே பார்த்தாள். ஒரு நாடாவை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் அணைத்தான். கனமான அடி ஒன்று, டம் டம் டம் என்று வந்தது.

"இது டிரம் இல்ல. நீங்க ஸ்டூல விரல் முட்டியால தட்டுறது. கீழ இறக்கி, கொஞ்சம் தடியாக்கினேன்."

அடுத்த நாடா. சிட்சிட் சிட்சிட் என்று ஓடியது. கோரமண்டல் ஸ்டேஷன் பக்கம் வண்டி மெதுவாகப் போகும்போது தண்டவாள இணைப்பில் சக்கரம் ஏறி இறங்குகிற சத்தம், கதவில் தொங்கிக்கொண்டு பிடித்தது. அதற்கடுத்தது வேர்ஹவுஸ் ஸ்கேனரின் பீப். வேலையைவிட்டு நிறுத்திய அன்று, கடைசிப் பார்சலை அடிக்கும்போது பாக்கெட்டில் போனை வைத்துப் பதிவு பண்ணிக்கொண்டானாம். பிறகு அவள் குரல் மட்டும் தனியாக. துணையொன்றும் இல்லாமல் கேட்டபோது அது அதட்டலாக இல்லை, களைத்த பொம்பளையின் குரலாக இருந்தது. பியாட்ரிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அந்த உறுமல்? வொம்முனு வருதே, அது இன்னா வாத்தியம்?"

கிறிஸ்டோ திரையைப் பார்க்காமல் அவளைப் பார்த்தான். "ஆன்ட்டி, நெசமாவே உங்களுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சா கேப்பனா?"

அந்த நாடாவைத் தனியாக்கினான். கீழே இழுத்திருந்த சுருதியைப் பழைய இடத்துக்கு ஏற்றினான். அழுத்தினான். ஒரு மூக்குறிஞ்சல் கேட்டது. பிறகு ஒரு ஆண்குரல், "வந்..." என்று எடுத்து அங்கேயே அறுந்தது.

பியாட்ரிஸ் கட்டிலில் உட்கார்ந்தாள்.

அது எட்மண்ட். அவளுடைய அண்ணன்.

எட்மண்ட் அவளைவிட ஆறு வயது பெரியவர். பெங்களூரில் ஒரு அபார்ட்மென்ட்டில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருந்தார். கொயரில் பாஸ் என்கிற கீழ்க்குரல் பாடுவார். நல்ல குரல். ஆனால் ஒரு வியாதி, எந்தப் பாட்டானாலும் அரைத் தாளம் முன்னால் நுழைந்துவிடுவார். அந்தக் கிறிஸ்துமஸ் பாட்டில் மற்ற மூன்று குரல்களும் அடங்கிய பிறகு 'வந்தார்' என்று கீழ்க்குரல் தனியாக எழ வேண்டும். பிராக்டிஸில் அவர் அவை அடங்கும்வரை பொறுத்ததே இல்லை. 2021 மே மாதம் மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரிக்குப் போனார், திரும்பி வரவில்லை. அடக்கத்துக்கு ஐந்து பேருக்குத்தான் அனுமதி. கல்லறையில் அண்ணி எலைன், "பியாட்ரிஸ், ஒரே ஒரு சரணம் பாடும்மா" என்று கேட்டாள். பியாட்ரிஸ் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. குழியை மூடும் ஆட்கள் அவசரப்படுத்தினார்கள். அதற்குப் பிறகு நாத்தனாரும் அண்ணியும் அரிசி விலையும் தண்ணீர் வரும் நாளும் மட்டும்தான் பேசினார்கள். எட்மண்டின் போன் ஆஸ்பத்திரியிலேயே தொலைந்துவிட்டது. அவர் குரல் எங்கேயும் இல்லையென்றுதான் பியாட்ரிஸ் நினைத்திருந்தாள்.

"முழுசா போடு," என்றாள்.

"நாப்பத்திமூணு நிமிஷம் ஆன்ட்டி."

"போடுன்றன்."

கேட்டார்கள். நாற்காலி இழுபடும் சத்தம், இருமல், யாரோ பிஸ்கட் பாக்கெட் பிரிக்கிறார்கள். கீபோர்டு. மூன்று குரல்கள் ஏறி அடங்கப் போகின்றன. மூக்குறிஞ்சல். "வந்..." டக் டக் டக். "இல்ல இல்ல, மறுபடி." இரண்டாவது முறை. மூன்றாவது முறை. ஆறாவது தடவை எட்மண்ட் சொல்கிறார், "பாப்பா, நான் முந்தல. நீங்க எல்லாரும் லேட்டு." கொயர் மொத்தமும் சிரிக்கிறது. பியாட்ரிஸின் சிரிப்பு மட்டும் அதில் இல்லை. "மறுபடி," என்கிறாள்.

அவள் விரலை மடக்கி எண்ணிக்கொண்டே வந்தாள். ஒரு முறையாவது விட்டிருப்போம், ஒரு முறையாவது அந்த வரி முடிந்திருக்கும் என்று காத்திருந்தாள். முப்பது நிமிஷம் ஆனது, நாற்பது ஆனது. பதினாலாவது தடவை நிறுத்திவிட்டு, பதிவிலிருக்கிற பியாட்ரிஸ் சொன்னாள், "போதும். நாளைக்குச் சரியா ஆறு மணிக்கு வாங்க." பை உரசுகிற சத்தம். முடிந்தது.

"ஒருதரம்கூட விடலையா நானு?"

கிறிஸ்டோ லேப்டாப் மூடியைப் பாதி இறக்கினான்.

"கிறிஸ்துமஸ் அன்னிக்கு சரியா பாடுனாரு," என்றாள் அவள், யாரோ மறுத்ததுபோல. "நான் மொறச்சுப் பாத்துகினே இருந்தேன், சரியா வந்தாரு. ரெக்கார்டு பண்ணீங்களா யாராவது?"

"இல்ல ஆன்ட்டி. அன்னிக்கு எல்லாரும் பாடிகினு இருந்தோம்."

அந்த நாற்பத்துமூன்று நிமிஷத்தைத் தன் போனில் ஏற்றச் சொல்லி வாங்கிக்கொண்டாள். பாட்டை எடுக்கச் சொல்லவில்லை, விடச் சொல்லவுமில்லை. வெளியே வந்து எந்தப் பக்கம் நடப்பதென்று தெரியாமல் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டுப் பக்கம் பாதி தூரம் போய்த் திரும்பினாள். எலைனிடம் சொல்லியாக வேண்டும். புருஷன் குரல் ஆட்டோவிலும் மார்க்கெட்டிலும் வொம் வொம்மென்று ஒலித்துக்கொண்டிருப்பது அவளுக்கு வேறு யார் மூலமாவது தெரிந்தால் என்ன ஆகும்? அதைவிட, ஒவ்வொரு தடவையும் அதை வெட்டுகிறவள் யாரென்று தெரிந்தால்? இரண்டு நாள் அந்த யோசனையிலேயே அலைந்தாள். புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு ஆண்டர்சன்பேட்டைக்குப் போனாள்.

எலைன் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். அப்போதுதான் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். அடுப்பில் குழம்பு கொதித்தது.

"இன்னா இந்த நேரத்துல? உக்காரு."

"அண்ணி, ஒரு விஷயம் சொல்லணும்."

"அந்தப் பாட்டா?"

பியாட்ரிஸ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியும். பாட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மூக்க உறிஞ்சுவாரே. இருபத்திமூணு வருசம் கூட இருந்திருக்கேன், எனக்குத் தெரியாதா? அந்தப் பையன் குரல எம்மா கீழ இழுத்தாலும் அந்த மூக்க எங்க ஒளிக்கறது?"

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உன் குரலாச்சே, உனக்குத் தெரியாம இருக்குமா? தெரிஞ்சும் கம்முனு இருக்கறன்னு நெனச்சேன். எனக்குக் கோவம்கூட வந்துச்சு."

"நான் அவர வெட்டிகினே கீறேன் அண்ணி. பாட்டு பூரா."

எலைன் கரண்டியை வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள். "நீ அப்படிக் கேக்கறியா? நான் தெனமும் சமைக்கறப்ப போட்டுக்கறேன். நான் அடுப்பாண்ட நிக்க, முன்ரூம்ல நீங்க ரெண்டு பேரும் சண்ட புடிச்சிகினு இருக்கற மாதிரி கீது. ஞாயித்துக்கெழம மாதிரி."

பியாட்ரிஸ் போனை எடுத்து நீட்டினாள். முழுப் பதிவும் இதிலிருக்கிறது என்றாள். அதில் என்ன இருக்கிறது என்று எலைன் கேட்டாள்.

"பதினாலு தரம் நிறுத்தியிருக்கேன்."

"பதினாலுதானா? வீட்டுக்கு வந்து இருபதுன்னு சொன்னாரு மனுஷன்!" எலைன் சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்தது. குழம்பு பொங்கி அடுப்பில் வழிந்தது. இரண்டு பேரும் அடுப்பை அணைக்கப் பாய்ந்து ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டார்கள். அன்று பியாட்ரிஸ் அங்கேயே சாப்பிட்டாள். கல்லறைப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, எலைனும் எடுக்கவில்லை.

அக்டோபரில் கிறிஸ்டோ இருவரையும் தேடிக்கொண்டு எலைன் வீட்டுக்கு வந்தான், லேப்டாப்போடு. இந்தத் தடவை வெளியிடுவதற்கு முன்னால் கேட்க வந்திருக்கிறேன் என்றான். எட்மண்ட் அங்கிளுக்காகப் புதிதாக ஒன்று செய்திருக்கிறானாம். அதட்டல் இல்லை, அடி இல்லை, ஸ்கேனர் இல்லை. மெதுவான கீபோர்டு. மூன்று குரல்கள் எழுந்தன, அடங்கின, முழுசாக அடங்கின. பிறகு எட்மண்டின் குரல் எழுந்தது, "வந்தா...ர்" என்று முழுச் சொல்லாக, நீண்டு, அழகாக, மிகச் சரியான இடத்தில்.

எலைன் பாதியிலேயே எழுந்து கொடியில் துணி எடுக்கப் போய்விட்டாள்.

"இது யாரு?" என்றாள் பியாட்ரிஸ்.

"அங்கிள்தான் ஆன்ட்டி. மொத எழுத்து ரெண்டும் அவரோடது. மீதிய சாஃப்ட்வேர் அவர் குரல்லயே முடிச்சுக் குடுத்துச்சு."

"தாளத்துல சரியா வர்றாரு."

"ஆமா, அதுக்குத்தான் ரொம்ப..."

"நான் மொறைக்காம எங்கண்ணன் என்னிக்குடா தாளத்துல சரியா வந்தாரு?" அவள் எழுந்து நடக்க ஆரம்பித்தாள். "நீ நல்ல மனசோட பண்ணியிருக்க. தெரியுது. ஆனா இது வேற யாரோ. வேணாம் கிறிஸ்டோ. அழிச்சிடு."

அவன் முகம் வாடியது. மூன்று வாரம் அதில் உட்கார்ந்திருக்கிறான். "அப்ப பழைய பாட்டு?"

"அது இருக்கட்டும். அதுல அவரு அவராவே கீறாரு. நானும்தான்." நடை நின்றது. "ஒண்ணு மட்டும் பண்ணு. எங்க பேர போடு. ரெண்டு பேர் பேரும்."

கிறிஸ்டோ அவள் எதிரிலேயே புதியதை அழித்தான். மறுநாள் 'மறுபடி' பாட்டுக்குக் கீழே, குரல்கள்: எட்மண்ட், பியாட்ரிஸ் என்று சேர்ந்தது. அதன் பலனை அவள்தான் அனுபவித்தாள். ஃபேக்டரியில் பெண்கள் சட்டையை நீட்டி "சொல்லுங்க மேடம், சொல்லுங்க" என்று சூழ்ந்துகொண்டார்கள். லேடீஸ் பெட்டியில் மமதா ஒவ்வொரு புது ஆளுக்கும் அவளை அறிமுகம் செய்துவைத்தாள். டிசம்பரில் கொயர் பிராக்டிஸ் ஆரம்பித்தபோது இன்னும் மோசம். கீழ்க்குரலுக்குப் புதிதாகச் சேர்ந்தவர் சாம்ராஜ், ரிட்டயரான பஸ் டிரைவர். அவர் எட்மண்டுக்கு நேர் எதிர். எல்லாரும் வரியை எடுத்து அரைத் தாளம் ஆன பிறகுதான் நுழைவார். பியாட்ரிஸ் ஸ்டூலைத் தட்டினால் போதும், மொத்தக் கொயரும் உதட்டைக் கடித்துக்கொண்டு அவள் வாயையே பார்க்கும். இரண்டு வாரம் அவள் வாயைத் திறக்காமல் விரலால் மட்டும் காட்டினாள். மூன்றாவது வாரம் மறந்துபோய்ச் சொல்லிவிட்டாள். சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷம் ஆனது.

கிறிஸ்துமஸ் காலை எலைன் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து பாட்டை முதலிலிருந்து கடைசிவரை போனில் பிடித்தாள். எங்கோ ஒரு குழந்தை வீறிட்டது, மைக் ஒரு முறை கத்தியது, சாம்ராஜ் இழுத்துக்கொண்டே வந்தார். ஸ்டூலைத் தட்ட முடியாத நாள் என்பதால் பியாட்ரிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தாள். வெளியே வந்ததும் எலைன் போனை அவள் காதருகே கொண்டுபோனாள்.

"சாம்ராஜ் இழுக்கறாரு, கேளேன்."

"தெரியும். அப்புறம் அனுப்புங்க அண்ணி, வண்டியில கேக்கறேன். நாளைக்கு லீவு இல்ல," என்று சொல்லிக்கொண்டே பியாட்ரிஸ் செருப்பை மாட்டினாள். சாம்ராஜ் வீட்டுக்குக் கிளம்புவதற்குள் அவரைப் பிடித்து, புத்தாண்டுப் பாட்டுக்கு நாலு நாள் முன்னாலேயே பிராக்டிசுக்கு வரச் சொல்ல வேண்டும்.